காவலை அணைத்துவிட்டு

கடலூர் முதுநகர், துறைமுகம் போகும் தெரு.
ஜெராக்ஸ், லேமினேஷன், டீசல் மானிய விண்ணப்பம்.
என் கடைக்குள் இரண்டு பேர் நிற்கலாம்,
மூன்றாமவர் தெருவில்தான்.

யாரோ ஒருவரின் பி.டி.எஃப். பூட்டைத் திறக்க
இலவசமாக ஒன்றை இறக்கினேன்.
முப்பது ரூபாய் வேலை.
'நிறுவும் முன் வைரஸ் காவலை அணைக்கவும்' என்றது.
அணைத்தேன்.
வீட்டுக்கு வந்தவர் நாயைக் கட்டச் சொன்னால்
கட்டுவோமே, அப்படி.

பூட்டு திறந்தது. காசு வந்தது.
மறுநாள் விடிகாலை, ஐஸ் லாரிகள் வரும் நேரம்,
என் மெயில் என்னை யாரென்று கேட்டது.

'நினைவில் வைக்கவா?' என்று
பிரவுசர் கேட்டபோதெல்லாம்
வை வை என்றிருக்கிறேன்
நாலு வருஷமாக.
நூற்றுப் பதினேழு பேர்.
சுருக்குவலை போட்டு இழுத்ததுபோல்
குஞ்சுகூட மிச்சமில்லை.
ஆனால் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது,
அதுதான் இந்தத் திருட்டில்
எனக்கு இன்னும் விளங்காத இடம்.

வயரைப் பிடுங்கினேன்.
மனைவியின் போனில் கணக்கை மீட்டு
'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' அழுத்தினேன்.
எந்த ஊரில் எவன் எழுந்து போனானோ.

பிறகு நோட்டைப் பிரித்து
ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

தனபூபதி கேட்டார்:
"என்னுது என்னன்னு உனக்குத் தெரியுமா?"
தெரியும் என்றேன்.
அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
அது அவர் வீட்டுக்காரம்மா பேர் இல்லை.

அஞ்சலாட்சி அக்காவுடையது
தானே புயலில் பிளந்த படகின் எண்.
"மாத்துன்னா வேற என்னத்த வைக்கிறது?"
நீளமா, யாரும் நினைக்காததா, அக்கா.
உங்களுக்கே பழக்கமில்லாததா.
"அப்புறம் அது என்னுது எப்பிடி?"
பதில் இல்லை என்னிடம்.
எழுதி அரிசி டப்பாவுல போடுங்க,
ஓ.டி.பி. கேட்கிற மாதிரி வைங்க,
என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க என்றேன்.

இப்போதெல்லாம் வருகிறவர் அடிக்கும்போது
சுவர்க் காலண்டரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன்.
பிரவுசர் கேட்கிறது.
'ஒருபோதும் வேண்டாம்.'
கணினியைத் துடைத்து எல்லாம் புதிதாக ஏற்றியாகிவிட்டது.
தெரிந்ததை மண்டையிலிருந்து துடைக்கத்தான்
பட்டன் இல்லை.

தனபூபதி ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க
பஸ் ஏறி மஞ்சக்குப்பம் போகிறார்.