நாலில் ஒன்று

பள்ளத்தூர் வீட்டில் எனக்கு வந்தது
நாலில் ஒரு பங்கு.
பத்திரப்படி
மூன்றாம் கட்டின் கிழக்கோரம்,
சாவி தொலைந்த இரண்டு அறைகள்,
நெல் ஊறவைத்த சிமெண்டுத் தொட்டி ஒன்று.
தொட்டி என் பங்கு.
அதன் வடிகால் போகும் வழி
வயிரவன் பங்கு.

ஏழு மீன் விட்டேன்.
எல்லாம் கொய் என்று சொல்லித்தான்
காரைக்குடியில் காசு வாங்கினார்கள்.
அதில் இரண்டு
வளர வளர வெறும் கெண்டை.

முதல் மாதம் கண்ணாடி.
அடுத்த மாதம் கீரை மசியல்,
கையை விட்டால் விரல் தெரியாது.
விடிகாலையில் போய்ப் பார்த்தால்
ஏழு வாயும் மேலே வந்து
காற்றைக் கடன் கேட்கும்.

புதுவயல் பீர்முகமது
அரிசி ஆலை மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்.
மீனில் அவருக்குக் குழம்புவரைதான் பழக்கம்.
நீல டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"தண்ணி கீழ நுழைஞ்சு மேல ஏறணும்.
மெதுவா ஏறணும்.
ஓடுற தண்ணி அழுக்கையும் தூக்கிக்கிட்டுல்ல ஓடும்."

அடியில் வண்டல் தங்க இடம்,
அதற்குமேல் ஸ்பாஞ்ச், இரண்டு அடுக்கு.
மேல்தட்டில்
வயிரவன் பங்குக்குத் தளம் போட்டதில் மிஞ்சிய
ஆத்தங்குடிக் கல்லை உடைத்துப் போட்டேன்.
கேட்காமல் எடுத்ததுதான்.
பச்சையும் மஞ்சளுமாய்
தண்ணீருக்குள் பூத்தது நன்றாகவே இருந்தது.
நாலாம் நாள் மீன்கள்
தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்த்தன.
புதுச் சிமெண்டு. சுண்ணாம்பு கசிகிறது.
பூக்களை அள்ளிக் கொட்டிவிட்டு
ஓட்டுச் சில்லு போட்டேன். வெறும் சுட்ட மண்.
ஐந்து வாரத்தில்
தொட்டியின் அடி தெரிந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை
டிரம்மைத் திறந்தேன். பழுப்பு வழவழப்பு,
மழை பெய்த மண் வாசனை.
முனிசிபல் குழாயடியில் வைத்து
பிழிந்தேன், அலசினேன், மறுபடி பிழிந்தேன்,
ஸ்பாஞ்ச் வாங்கிய அன்றைய நிறத்துக்கு வரும்வரை.
கையில் பிளீச்சிங் பவுடர் மணந்தது.
சுத்தம் என்றே நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மிதந்தன.
தண்ணீர் தெளிவுதான்,
விழுந்த ஊசியை எடுக்கலாம்.
சின்ன சீசாவில் அதைப் பிடித்து
எட்டுச் சொட்டு மருந்து விட்டேன்.
மஞ்சளாக இருக்க வேண்டியது
பாசிப் பச்சைக்கு ஏறியது. அமோனியா.
மீன் கழித்ததை இரவும் பகலும் தின்றுகொண்டு
அந்த வழவழப்பில்தான் குடியிருந்திருக்கிறார்கள்,
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர்.
அழுக்கென்று நான் பிழிந்து ஊற்றியது
ஒரு ஊரை.

இப்போது குழாயடிக்குப் போவதில்லை.
தொட்டித் தண்ணீரையே ஒரு வாளி மொண்டு
அதில் முக்கி இரண்டு அமுக்கு.
ஒரு வாரம் மேல் ஸ்பாஞ்ச்,
மறுவாரம் கீழ் ஸ்பாஞ்ச்.
தண்ணீரும் நாலில் ஒன்றுதான் மாற்றுவது.
நாற்பது வாளி வெளியே,
முந்தின நாளே அண்டாக்களில் பிடித்து
வாடை போக வைத்த நாற்பது வாளி உள்ளே.

வெளியே போகும் நாற்பதும்
வயிரவன் பங்கு வழியாகப் போயாக வேண்டும்.
அவன் கோயம்புத்தூரில். இங்கே நாச்சம்மை.
பாகம் பிரித்த ஆறு வருஷத்தில்
எங்களுக்குள் பேச்சு, வக்கீல் நோட்டீசு மட்டும்.
"யார் வீட்டுக் கஷாயம் இது"
என்று ஒருநாள் சுவரைக் கேட்டாள்.
சுவர் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் தண்ணீர் இறங்காமல் நின்றது.
வடிகாலில் செங்கல்.
வீம்பு என்றுதான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்.
செங்கல்லுக்குப் பக்கத்திலிருந்து
மண்வெட்டியால் கீறிய வாய்க்கால்
கோணல்மாணலாய்ப் போய்
நாரத்தை மரத்தின் தூரில் முடிந்தது.
வாய்க்கால் மேடாகிவிட்டது, அவ்வளவுதான்.
மரத்தில் இளந்தளிர்,
விரல்படாத பச்சை.
இறங்கிவிட்டேன். சொல்லவில்லை.
மறுநாள் அது வெட்டி ஆழமாகியிருந்தது.

நேற்றுக் காய்ச்சல், எழவில்லை.
பத்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
வாளியை நகர்த்தும் சத்தம். பிறகு,
"இன்னைக்குத் தண்ணி திறக்கலையா?"

திறக்கிறேன் என்றேன்.
எழுந்து போய்த் திறந்தேன்.
ஐந்து மீன்களும் ஓட்டத்துக்கு எதிரே திரும்பி நின்றன.
ஸ்பாஞ்சை இரண்டே அமுக்கு அமுக்கி
பாதிப் பழுப்போடு
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.