மறுபடி வை

நாசிக் எங்கே இருக்கிறதென்று
பஸ்ஸில் ஒரு பையனிடம் கேட்டேன்.
போனில் மேப்பைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிக் காட்டினான்.
அந்த ஊரில் கடல் இல்லை.

அங்கே ஒரு வாத்தியார், ரிட்டையர் ஆனவர்,
அஞ்சு நாள் தன் வீட்டுக்குள்ளேயே
போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம்
கைதி மாதிரி.
கக்கூசுக்குப் போகவும் கேட்டுக்கேட்டு.
பதினோரு லட்சம் போயிருக்கிறது.
மிரட்டிய நம்பர் என் பேரில்.
பூமயில், க/பெ நம்புராசன், சின்னப்பாலம், பாம்பன்.
கதவு நம்பர்கூடச் சரியாக இருந்தது.

முதல் வக்கீல் ஐம்பதாயிரம் கேட்டார்.
"கேஸே நிக்காது" என்றார்
நோட்டீஸைப் பிரிக்காமலே.

இரண்டாவது ஹிதாயா, கீழக்கரைப் பிள்ளை.
நாற்காலியில் கிடந்த கட்டை எடுத்துக் கீழே வைத்து
உட்காருங்க என்றார்.
உடம்பில் ஈரமில்லை,
இருந்தும் நுனியில்தான் உட்கார்ந்தேன்.

"ஸ்டேஷன்ல என்ன சொன்னீங்க?"
நம்பர் என் பேர்லதான் இருக்கு, அதைச் சொன்னேன்.
பேனாவை மூடி வைத்தார்.
"இனிமே நான் பக்கத்துல இல்லாம
காத்து எந்தப் பக்கம்னு கேட்டாலும் சொல்லக் கூடாது."

கையை விரிக்கச் சொன்னார்.
இருபத்தாறு வருஷம்
மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்த விரல்கள்.
துணி சுற்றித்தான் முங்குவோம்.
துணிக்குள்ளும் பாறை வந்துவிடும்.
ரேஷன் கடை மெஷினுக்கு என்னைத் தெரியாது.
துடைத்து வை, தலைமுடியில் தேய்த்து வை,
மறுபடி வை.
பின்னால் வரிசை முனகும்.
நான் நான்தான் என்பதற்கு
என் மகள் வந்து விரல் வைத்துப் பருப்பு வாங்குவாள்.

"அப்போ சிம் எப்படிக் கிடைச்சுச்சு?"

பாம்பன் பஸ் ஸ்டாப். சிவப்புக் குடை.
நூறு ரூபாய்க்கு சிம், கூடவே பிளாஸ்டிக் டப்பா இலவசம்.
நல்ல பையன், அக்கா என்றுதான் கூப்பிட்டான்.
விழலைக்கா, மறுபடி வைங்க.
வைத்தேன்.
விழலைக்கா.
அப்புறமும் ரெண்டு தடவை.
நான்தான் அவனிடம் மன்னிச்சுக்கப்பா என்றேன்,
வெயிலில் நிற்கிறானே என்று.

ஹிதாயா கொஞ்ச நேரம் பேசவில்லை.
மேலே ஃபேன்
வாய்தாக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.
பிறகு சொன்னார்,
சாவுச் செய்தி சொல்கிற குரலில்:
"விழுந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் விழுந்திருக்கு.
ஒரு சிம் உங்ககிட்ட. மூணு அவன்கிட்ட."

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள்
மெஷினுக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது.
நாலு தரம் ஆமாம், ஆமாம் என்றிருக்கிறது.
இல்லை என்றான்.
அதைத்தானே நான் எப்போதும் கேட்டிருக்கிறேன்.

ஜெயிச்சிருவமா?
"இப்பச் சொல்ல முடியாது."
முன்ஜாமீன் போடணும்,
நாசிக்கில் ஒரு வக்கீலைப் பிடிக்கணும்,
அந்தக் குடைக்காரனைப் பிடிக்கச் சொல்லி மனு.
இப்போது மூவாயிரம், மீதி பாசி எடைபோட்ட பிறகு.
அடுத்த அமாவாசை என்றைக்கு என்று
காலண்டரில் தேடினார்.
நான் பார்க்காமலே சொன்னேன்.

அந்த வாத்தியாருக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா
என்றும் கேட்டேன்.
என்னையே பார்த்தார்.
"அது உங்க கேஸ் இல்லம்மா."

குமாஸ்தா வக்காலத்தை நீட்டினார்,
ஊதா மை டப்பாவைத் திறந்தார்.
வைத்தேன்.
தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.
"சரியா விழலையே, மறுபடி வைங்க."

அதை இங்கே கொண்டாங்க, நான் பாக்கணும் என்றேன்.
என் சத்தம் எனக்கே புதுசு.
ஹிதாயா நிமிர்ந்தார்.

தாளில் ஊதாவாய் ஒரு திட்டு,
ஒரு கோடுகூட இல்லாமல்.
அவர் சொன்னது நிஜம்தான்.

இருந்தும் கொஞ்ச நேரம்
கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தேன்.