பழமொழிச் சீட்டு

எங்கள் தீவில் ஈஸ்டர் முட்டை சாக்லேட்டால் ஆனது.
உள்ளே குடைவு. குடைவில் நாலைந்து மிட்டாய்,
சுருட்டிய சீட்டில் ஒரு பழமொழி.
ஞாயிறு காலைக்கு முன் யாரும் உடைக்கக் கூடாது.

மோசி சனிக்கிழமையே உடைத்துவிட்டான்.

சலவை இயந்திரத்தின் மேல்,
துவாலைகளுக்கு அடியில் நான் ஒளித்தது.
ஸ்வான்டிஸுக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டதாம்,
பால் சாக்லேட் சின்னப் பிள்ளைகளுக்காம்.
அதனால் கறுப்பு. எழுபது சதவீதம்.
தரையில் ஜரிகைத் தாள் மட்டும் கிடந்தது,
கழுவிய தட்டுபோல் சுத்தமாக.
பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு அவன்.

தொலைபேசியில் மருத்துவர் ஹல்பேரா கேட்டது மூன்றே கேள்வி.
நாய் எத்தனை கிலோ?
பதினாலு.
முட்டை எத்தனை கிராம்?
முந்நூறு.
எப்போது தின்றான்?

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
நேரம் அதில் அச்சாகியிருப்பதுபோல்.

"உப்புத் தண்ணீர் புகட்டாதே.
எதையும் புகட்டாதே. கிளம்பு."

மலைக்குள் சுரங்கப்பாதை. ஒற்றைத் தடம்.
எங்கள் திசையில் போகிறவர்தான் ஒதுங்க வேண்டும்.
ஒதுங்கினேன்.
கூரையில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு
விருந்துக்குப் போகும் கார்கள் ஒவ்வொன்றாக
நன்றி சொல்லி விளக்கை மினுக்கின.
பின்னிருக்கையில் மூச்சு இரைந்தது.
விலாவில் விரல் வைத்து
எண்ணிக்கொண்டிருந்தாள் ஸ்வான்டிஸ்.
"அப்பா, எண்ண முடியல. ஓடுது."

இன்னும் ஒரு கார்.
இன்னும் ஒன்று.

ஊசி போட்ட ஐந்தாம் நிமிடம்
கக்கினான், முழு முட்டையையும்.
வாந்திக்கு இத்தனை நல்ல வாசம் இருக்கக் கூடாது.
அறை முழுக்கப் பிறந்தநாள் மணம்.
என் நாக்கில் எச்சில் ஊறியது,
அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முன்னங்காலில் மயிரை மழித்தபடி ஹல்பேரா சொன்னாள்:
"தியோப்ரோமின். உனக்கும் எனக்கும்
ஈரல் ஒரே ராத்திரியில் கழுவி ஊற்றிவிடும்.
இவன் ஈரலுக்கு அந்த வேகம் கிடையாது.
உள்ளே போனது உள்ளேயே சுற்றும்,
இதயத்தை விரட்டிக்கொண்டு."

பிறகு இடுக்கியால் எதையோ எடுத்தாள்.
குழாயடியில் பிடித்தாள்.
சீட்டு.
மை கரைந்து, கடைசிச் சொல் மட்டும் மிச்சம்:
"பின்பு".

"இந்த வாரம் இது மூன்றாவது" என்றாள்.
"மற்ற இரண்டும் நல்ல பழமொழிகள்."
முதல் நாய் பிழைத்ததா என்று ஸ்வான்டிஸ் கேட்டாள்.
ஹல்பேரா சொட்டுமருந்தின் வேகத்தைச் சரிசெய்தாள்.

கரி புகட்டினார்கள். வாயெல்லாம் கறுப்பு.
பின்னங்கால் நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது.
நாற்காலியில் உட்கார்ந்து என் மகள்
அந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்னால்
எதை எதையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் பொருந்தவில்லை போலும்.

நாலரை மணிக்கு நூற்று முப்பது.
ஆறு மணிக்கு நூற்றுப் பத்து.
சன்னலுக்கு வெளியே கடல் சாம்பல் நிறமானபோது
மோசி தலை தூக்கி
என் கையை நக்கினான்,
கரி படிந்த நாக்கால், வெகு நேரம்.

மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ள ஆசைதான்.
ஆனால் அந்தக் கையால்தான்
தாளை எடுத்திருந்தேன்.