ஒரு சாண் செம்பு

மல்லிக்கட்டு நிறுக்கும் தராசில்
சிலிண்டரைத் தூக்கி வைத்தேன்.
இரவு ஒரு மணி: முப்பத்தொன்று முந்நூறு.
நாலு மணி: முப்பது எழுநூறு.
அறுநூறு கிராம் எரிந்திருக்கிறது
பதினோரு டீக்கு.

சக்கீல் டிக்காஷனைத் தூக்கி ஊற்றியபடி சிரித்தார்.
"நெருப்பைப் போய் யாராச்சும் நிறுப்பாங்களாக்கா?"
வாடகையை நிறுக்க முடியாது, சக்கீல்.
பால்காரர் வாயிலிருந்து வரும் விலையை நிறுக்க முடியாது.
கைக்கு அகப்பட்டது இது ஒன்றுதான்.

சூளகிரி பைபாஸில்
எங்கள் அடுப்பு அணைவதில்லை.
இருபத்து நாலு மணி நேரமும் என்று
போர்டே போட்டிருக்கிறோம்.
யாருமே வராத மூன்று மணிக்கும்
உஸ்ஸென்று அது பாட்டுக்குக் கொதிக்கும்,
மூன்றரை நாளுக்கு ஒரு சிலிண்டரைக் குடித்துக்கொண்டு.

முதலில் பாய்லருக்குள் கை விட்டேன்.
போர் தண்ணீர் உள்ளே
நாலு வருஷமாய்ச் சுவர் எழுப்பியிருந்தது,
வெள்ளையாய், ஏடு ஏடாய்.
தண்ணீர் சூடாகும் முன்பு
அந்தச் சுவரைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.
பழம்புளி இரண்டு கிலோ கரைத்து ஊற்றி
ஒரு பகல் முழுக்கக் கடையைச் சாத்தி
(போர்டு அன்றைக்குப் பொய் சொன்னது)
கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி எடுத்தேன்.
அரை வாளி.

பர்னர் கண்ணையெல்லாம் ஊக்கால் குத்தினேன்.
மஞ்சளாய் அலைந்த நாக்கு
நீலமாய்ச் சுருங்கி உட்கார்ந்தது.
எண்ணெய் டின்னை வெட்டிக் காற்றுக்கு மறைப்பு.
சுடுகிறதென்று எல்லோரும் திறந்தே போட்டிருந்த மூடிக்கு
மரக்குமிழ் ஒன்று.
ஓசூர் சிப்காட்டிலிருந்து என் தம்பி திம்மராஜ்
கழிவில் போன வெள்ளைக் கம்பளி கொண்டுவந்தான்,
உலைக்குச் சுற்றுவதாம்.
அதைச் சுற்றி, மேலே தகரம் போர்த்தி, கம்பியால் இறுக்கியதும்
கட்டுப்போட்ட முழங்கால் மாதிரி நின்றது பாய்லர்.

அன்றிரவு தராசு சொன்னது:
முந்நூற்றைம்பது.
நான் இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன்.
முந்நூற்றைம்பதேதான்.

ஒன்றரைக்குக் கோயம்பேட்டு லோடு ஏறும்.
வாடாமல் போய்ச் சேர
மல்லிக்கட்டை நனைத்துத்தான் ஏற்றுவார்கள்.
கட்டு தோளில், தண்ணீர் முதுகில்.
மார்கழி வேறு.
குட்டியப்பா வந்ததும் டீ சொல்ல மாட்டார்.
பாய்லருக்குப் பின்னால் போய்
ஒரு விரல் தள்ளி முதுகைக் காட்டி நிற்பார்.
சட்டையிலிருந்து ஆவி கிளம்பும்,
கடை முழுக்கப் பச்சை மல்லி வாசம் அடிக்கும்,
பிறகுதான் "ஒண்ணு போடு".

அன்றைக்கும் நின்றார்.
கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி
தகரத்தின் மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தார்.
சுடவில்லை.
எதுவும் கேட்கவில்லை.
டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
லாரி இன்ஜின் பக்கம் போய் நின்றார்.

வீண் என்று நான் எழுதிய பத்தியில்
இத்தனை நாளும் ஒரு முதுகு நின்றிருக்கிறது.

தகரக் கத்திரியைத் தேடி எடுத்து
பின்பக்கம், அவர் உயரத்துக்கு,
ஒரு சாண் வெட்டித் திறந்தேன்.
செம்பு தெரிந்தது.
தராசு: முந்நூற்றுத் தொண்ணூறு.
"நாலு ரூபா தினம் போகுதுக்கா" என்றார் சக்கீல்.
அடுப்பைப் பற்றி இப்போது அவருக்கும் கணக்கு வந்துவிட்டது.

பால், தூள், சர்க்கரை, காஸ் என்று போகும் நோட்டில்
அதை எந்தத் தலைப்பில் ஏற்றுவது?
கடைசி வரியில் எழுதிவைத்தேன்:
முதுகு, நாற்பது கிராம்.

ஒரு சாண் ஒரு ஆளுக்குத்தான் காணும்.
நேற்று மூன்று பேர் நனைந்து வரிசையில் நின்றார்கள்.
கடைசியில் நின்ற பொடியன் கேட்டான்,
"இன்னொரு சாண் வெட்டினா என்னக்கா?"

கத்திரியை எங்கே வைத்தேனோ என்கிற முகத்தோடு
துடைத்த கல்லாவையே
துடைத்துக்கொண்டிருக்கிறேன்.