ஏழாவது ஆள்

குஹ்மோ சுகாதார நிலையம். மார்ச்.
வெளியே உறைநிலைக்குக் கீழே இருபது.
முதலில் வந்தவர் யோக்கோ,
சட்டையைத் தூக்கிக் காட்டினார்:
இடுப்பைச் சுற்றி
நீச்சலுடை இறுக்கிய வளையம் முழுக்கச் சிவந்த புள்ளிகள்,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடி,
அதன் அடியில் கடுகளவு சீழ்.
"பூச்சிக்கடியா?"
இந்தப் பனியில் எந்தப் பூச்சி.

அடுத்து மனைவி ஹில்க்கா.
தபால்காரர் டார்மோ.
பிறகு ஹில்க்காவின் தங்கை அவுனே, அவள் பையன்கள் இருவர்,
அவர்கள் சொறியும் சத்தம் கூடத்திலிருந்தே கேட்டது.
அவுனேவுக்கு மட்டும் வளையம் இல்லை,
கழுத்தெலும்பு வரை ஒரே சீராய்.
குறித்துக்கொண்டேன். யோசிக்கவில்லை.

எல்லோரும் சனிக்கிழமை இரவு
ஏரிக்கரை மரத்தொட்டியின் வெந்நீரில்
நட்சத்திரம் பார்த்தவர்கள்.

நான் தாதி. தெரிந்ததைச் சொன்னேன்.
குளோரின் தீர்ந்த வெந்நீர் கிருமிக்குத் தாய்வீடு;
பலகை இடுக்கில் வழவழவென்று ஒட்டிக் காத்திருக்கும்.
ஊறிய தோலில் மயிர்க்கால் வாய்பிளந்து நிற்கும்போது
கேட்காமல் உள்ளே போகும்.
மருந்து அநேகமாய்த் தேவைப்படாது.
கிள்ளாதீர்கள்.
சவரக்கத்தி கொஞ்ச நாள் உறங்கட்டும்.
வெதுவெதுப்பான ஈரத்துணி, பத்து நிமிடம்,
தளர்ந்த பருத்தி உடை.
வாரம் பத்து நாளில் தானே அடங்கும்.
காய்ச்சல் வந்தால், சிவப்பு படர்ந்தால், வலி கூடினால்
உடனே வாருங்கள்.
தொட்டியைக் காலி செய்யுங்கள், தேயுங்கள், காயவிடுங்கள்.
டார்மோ எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை, கதவடைக்கும் நேரம், ரைமோ.
பள்ளியில் இயற்பியல் வாத்தியார்,
ஐம்பது வயதிலும் யாரிடமும் முழு வாக்கியம் பேசாதவர்.
சட்டையைக் கழற்றினார்.
அதே புள்ளி, அதே முடி, அதே கடுகு.
வளையம் இல்லை.
கழுத்தெலும்பு வரை ஒரே சீராய்.

"வெந்நீர்த் தொட்டியில் இறங்கினீர்களா?"
"இல்லை."
"நீச்சல் குளம்?"
"இல்லை."
காது மட்டும் சிவந்தது; அது அழற்சி அல்ல.

அவுனே கணவனைப் புதைத்து எட்டு வருடம்.
மற்றவர்கள் தூங்கப் போனபின்
பனிமேல் யார் நடந்து வந்தார்களோ,
எந்தத் துணி எங்கே கிடந்ததோ,
எனக்கெதற்கு.
இன்று எரிகிற இதே மயிர்க்கால்கள்தானே
அன்றைக்கு முதலில் சிலிர்த்திருக்கும்
என்று மட்டும் நினைத்தேன்,
கையுறையைக் கழற்றியபடி.

ஏட்டில் எழுதினேன்: காரணம் தெரியவில்லை.
ஈரத்துணி, பருத்தி, கிள்ளாமை
எல்லாம் மறுபடி சொன்னேன்.
தலையாட்டினார். தொப்பியை மாட்டினார்.

கதவருகே நின்று
வாழ்நாளின் முதல் முழு வாக்கியத்தைக் கேட்டார்:
"மற்றவர்களுக்கு இப்போது ஆறிவருகிறதா?"

மற்றவர்கள் என்று
நான் சொல்லவே இல்லை.