உறுதி அறை

புதுக்கடையில், கோர்ட்டுக்குப் பின்வளவில்
எங்கள் நொத்தாரிசுக் கந்தோர்.
இரண்டடித் தடிப்புச் சுவர். கபுக்கல், சுண்ணாம்பு.
எழுபதுகளில் யாரோ ஒரு பாஸ் அதற்குச்
சீமெந்துச் சட்டை போட்டுவிட்டார்.
அன்றிலிருந்து அதற்கு மூச்சு முட்டு.

நிலத்து நீர் முழங்கால் உயரம் ஏறும்,
ஏறிய இடத்தில் உப்பாய்ப் பூக்கும்.
காலையில் நான் அந்தப் பூவைக் கூட்டி அள்ளி
வளவில் கொட்டுவேன். பதினொரு வருஷம்.
அலுமாரியில் உறுதிக் கட்டுகள்
ஒன்றோடொன்று ஒட்டி
நனைந்த பாணாய் உப்பிக் கிடந்தன.

பெயின்ற் அடித்தோம், மூன்று தரம்.
மெசின் ஒன்று வந்தது,
காற்றிலிருந்து நாளுக்கு ஒரு வாளி கறந்தது.
சுவர் அடுத்த வாளியை அனுப்பியது.

பிறகு நவ்பர் வந்தான்.
சுவரைத் தட்டினான், காது வைத்தான்.
"காத்த விடுங்க. சுவரச் சூடாக்குவம்."
குலசிங்கம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்:
"கொழும்பிலயா?"
விசிறிக்குக் கீழே எல்லோருக்கும் வேர்த்தது.
தேத்தண்ணிக் கடைவரை கதை போனது:
நொத்தாரிசின் சுவருக்குக் குளிராம்,
கம்பளி கேட்குதாம்.

சீமெந்தை உரித்தான்.
தரையிலிருந்து ஒரு சாண் மேலே
விரல் தடிப்பில் செப்புப் பைப்,
போக ஒன்று, வர ஒன்று,
சுண்ணாம்புக்குள் புதைத்தான்.
கூரையில் வெயில் வாங்கும் பலகை;
மழை நாளுக்கு ஒரு கொயில்.

முதல் மாதம் சுவர் இன்னும் அசிங்கமானது.
"உள்ள இருக்கிறது வெளிய வருது" என்றான்.
லைட் பில் வந்தபோது ஐயா ஒன்றும் சொல்லவில்லை,
பில்லை நாலாக மடித்தார்.

ஒக்டோபர் மழையில் கை வைத்துப் பார்த்தேன்.
சூடு என்று சொல்ல ஏலாது.
155 பஸ்ஸில் யாரோ எழும்பிப்போன
சீற்றின் வெதுவெதுப்பு.
பூ இல்லை.
தும்புத்தடியோடு சும்மா நின்றேன்.

அந்தக் கிழமைதான் ஜெசிந்தா வந்தா,
மட்டக்குளிக் காணியின் உறுதி கேட்டு,
நாலாம் தரம்.
மூன்று தரமும் என்னிடம் ஒரே பதில்:
"ஒட்டிப்போச்சு மிஸ், பிரிச்சாக் கிழியும்."
இம்முறை தாள் தானாகத் திறந்தது.
மை தெளிவு. முத்திரை தெளிவு.
வலப்பக்கம் சாய்ந்த தகப்பனின் கையொப்பம்
அதைவிடத் தெளிவு:
எழுபத்தெட்டிலேயே விற்றிருந்தார்,
மகளுக்குச் சொல்லாமல்.

இத்தனை வருஷமும்
அந்தச் சுவரின் ஈரம்
அவவுக்கு ஈரமாகத்தான் இருந்திருக்கிறது.

இரண்டு தரம் வாசித்தா. அழவில்லை.
நனைந்த சட்டையோடு சுவரில் சாய்ந்தா.
கொஞ்சம் கழித்து,
"இந்தச் சுவர் ஏன் சுடுது?"
"உறுதிகளுக்காக மிஸ்."
"ம்" என்றா. விலகவில்லை.

மழை விட நாலரை ஆயிற்று.
அவ போன பிறகு
சுண்ணாம்பில் ஒரு முதுகின் நனைவு.
நான் சாவியைத் தேடி எடுப்பதற்குள்
ஓரமெல்லாம் காய்ந்து உள்ளே சுருங்கி
ஒரு தோள் மட்டும் மிஞ்சியிருந்தது.
மோட்டரை நிறுத்தலாமா என்று யோசித்தேன்.
நிறுத்தவில்லை.