மீதி ஒரு ரியால்

சோஹார் துறைமுகத்தில் என் வேலை
எண்ணெய்த் தொட்டியின் வாயில் நிற்பது.
உள்ளே போகிறவன் பெயர், போன நேரம், வந்த நேரம்.
மூன்று கட்டம், ஒரு பேனா, கழுத்தில் விசில்.
ஹோல் வாட்ச் என்பார்கள்.
ஊரில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் பதினேழு. தொட்டி எண் நாற்பத்தொன்று.
குருசுமிக்கேல், 9.05.
ஹரிலால் மஹதோ, 9.05.
நான் பிடித்த கையை உதறிவிட்டு
முகமூடியில்லாமல் அவர்களைத் தேடி இறங்கிய
பிச்சைக்கனி, 9.31.
மூன்றாவது கட்டம் இன்னும் காலி.
விசாரணைக்கு வந்தவர்கள் அந்தத் தாளை
பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போனார்கள்.
கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்றார் ஒருவர்.

நடக்கலாம் என்று சொன்னது நானில்லை,
கிரேன் ஓட்டும் லோகிதாசன்.
பெட்டிகள் போன வழியிலேயே போவோம்,
தொட்டியடியிலிருந்து
மஸ்கட் விமானநிலையத்துச் சரக்கு வாசல் வரை
இருநூற்றிருபது கிலோமீட்டர்.
கிலோமீட்டருக்கு இவ்வளவென்று
ஆளாளுக்கு எழுதித் தரட்டும், மூன்று வீட்டுக்கும் அனுப்பலாம்.
மெஸ்காரர் இருநூறு பைசா எழுதினார்.
கம்பெனி ஐந்து ரியால்.
பெயர் போடாமல், கப்பல் சமையல்காரர் ஒருவர் ஒரு ரியால்.
எல்லாம் கூட்டிப் பத்தொன்பது.
போலீஸ் அனுமதியை மஸூத் பலூஷி வாங்கி வந்தார்:
பதினான்கு பேர். கொடி கூடாது. கோஷம் கூடாது.
எங்களுக்கு என்ன கோஷம் தெரியும்?

விடுமுறை வெள்ளிக்கிழமை மட்டும்தான்.
நவம்பர் முதல் வெள்ளியில் தொடங்கினோம்.
இருபது கிலோமீட்டர் முடிந்ததும்
விளக்குக் கம்பத்தில் ஒரு மஞ்சள் கோடு,
பிக்கப்பில் ஏறி கேம்ப்.
அடுத்த வெள்ளி அதே கம்பத்தடியில் இறங்குவோம்.
ஓர் அடியைக்கூட இனாமாக முன்னே வைத்ததில்லை.

சஹம் வரை கருவாட்டு வாடை கூடவே வந்தது.
வண்டியை நிறுத்திய ஒரு கிழவர்
ஏறு ஏறு என்று பிடிவாதம் பிடித்து
மாட்டோமென்றதும் கோபித்துக்கொண்டு போனார்,
கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து
ஒரு பெட்டித் தண்ணீரை வைத்துவிட்டு
அதே கோபத்தோடு போனார்.

கபூரா தாண்டி, ஏழாவது வெள்ளி,
எங்கள் கோட்டைக் காணவில்லை.
நகராட்சி கம்பங்களுக்கெல்லாம் புதுச் சாயம் அடித்திருந்தது.
இதுதான் என்றான் ஹரிலாலின் சித்தப்பா மகன் டுன்டுன்.
அந்தக் கருவேல மரத்தடி என்றான் இன்னொருவன்.
இங்கிருந்தே நடப்போம், யார் அளக்கப்போகிறார்கள்?
நான் சொன்னேன்,
ஒரு கிலோமீட்டர் பின்னால் போவோம்.
கூடினால் கூடட்டும்.
குறைந்தால் என்னால் முடியாது.

யாரும் பேசவில்லை.
டுன்டுன்தான் முதலில் திரும்பி நடந்தான்.
அந்த ஒரு கிலோமீட்டருக்கு
யாரிடமும் காசு கேட்கவில்லை.

ஜனவரியில் சரக்கு வாசலுக்கு வந்தோம்.
கொடுக்கவா, எடுக்கவா, என்று கேட்டான் காவலாளி.
எங்களிடம் பதிலில்லை.
மஸூத் அரபியில் நெடுநேரம் ஏதோ சொன்னார்.
அவன் தன் ஒற்றை நாற்காலியை வெளியே இழுத்துப்போட்டான்.
பதினான்கு பேரும் அதைச் சுற்றி நின்றோம்.

நாலாயிரத்து நூற்றெண்பது.
மூன்றாக வகுத்தால்
ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று,
மீதி ஒரு ரியால்.
அதை யார் கணக்கில் சேர்ப்பது?
லோகிதாசன் பெட்ரோல் பங்க் கடைக்குப் போய்
பத்துக் கரக் சாயா வாங்கி வந்தான்.
பதினான்கு பேருக்குப் பத்து.
நானும் டுன்டுனும் ஒரு கோப்பையில் குடித்தோம்.
சர்க்கரை அதிகம்.

சனிக்கிழமை, தொட்டி எண் முப்பத்தெட்டு.
பூட்சுக்குள் பெருவிரல் நகம் கழன்று ஆடுகிறது.
டுன்டுன் மஹதோ, 7.10.
சேகு முகைதீன், 7.10.
துளைக்குள் டார்ச் அடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் போதும், விதி அது.
நான் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.
தெரியுதுய்யா, உயிரோடதான் இருக்கோம் என்று
உள்ளேயிருந்து சேகு வைகிறான்.